அப்டேட்டுக்குப் பிறகு ஐபேடில் சார்ஜ் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

"நேற்று ராத்திரி அப்டேட் போட்டேன், காலையிலிருந்து சார்ஜ் தண்ணீர் மாதிரி இறங்குகிறது." ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்ததும் உறவினர் வட்டத்திலிருந்து எனக்கு வரும் முதல் அழைப்பு இதுதான். பெரிய அப்டேட் வரும் மாதம் அது. 2025-இல் ஐபேடை இயக்கும் சிஸ்டமான ஐபேட்ஓஎஸ்-இன் 26-ஆம் பதிப்பு செப்டம்பர் 15 அன்று வெளியானது. திரையின் தோற்றமே மாறியது, கம்ப்யூட்டர் போல விண்டோக்களாகத் திறக்கும் வசதியும் வந்தது. அழைப்புகளும் கூடின.

எட்டாம், ஒன்பதாம் தலைமுறை ஐபேடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 2020-லும் 2021-லும் வந்தவை, இன்னும் ஏராளமான வீடுகளில் பிள்ளைகளின் பாடத்துக்கும் பெரியவர்களின் வீடியோ அழைப்புக்கும் உழைத்துக்கொண்டிருப்பவை. ஒன்றில் ஏ12 சிப், இன்னொன்றில் ஏ13. இரண்டிலும் ரேம், அதாவது ஓடும் ஆப்கள் உட்காரும் தற்காலிக நினைவகம், 3 ஜிபிதான். ஐபேட்ஓஎஸ் 26-ஐ ஏற்கும் கருவிகளில் இவை வயதானவை. அதனால் அப்டேட்டின் பாரம் இவற்றில்தான் முதலில் தெரியும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அப்டேட் போட்டு எத்தனை நாள் ஆகிறது? மூன்று நாளுக்குள் என்றால் ஒரு வழி, ஒரு வாரம் தாண்டியிருந்தால் வேறு வழி. இதைக் கேட்காமல் ரீசெட்டில் ஆரம்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் நொந்துபோகிறார்கள்.

அறிகுறி: அப்டேட் போட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் சூடாகிறது, சார்ஜ் வேகமாக இறங்குகிறது

இது கோளாறு அல்ல. திரையில் "ஹலோ" வந்ததும் அப்டேட் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. தேடல் பெட்டியில் ஒரு சொல்லை அடித்தவுடன் கோப்பும் மெயிலும் குறிப்பும் வந்து நிற்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் அத்தனையையும் படித்து அட்டவணை போட்டாக வேண்டும். புதிய பதிப்பு அந்த அட்டவணையைத் திரும்பப் போடுகிறது. புகைப்படங்களில் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் வேலையும் அப்படியே. ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கு இது ஓரிரவில் முடியாது. இதற்கிடையில் ஆப்களும் புதிய பதிப்புக்கு ஏற்ற தங்கள் அப்டேட்டை இறக்கிக்கொள்ளும், ஐகிளவுடும் ஒத்திசைத்துக்கொண்டிருக்கும். பெரிய அப்டேட் முடிந்த கையோடு பேட்டரியும் சூடும் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் கதை இதுதான். அங்கே ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி தயார்செய்யும் வேலை கூடுதலாக இருக்கும்.

செய்ய வேண்டியது: இரவு படுக்கும்போது ஐபேடைப் பூட்டி, வைஃபை இணைப்பில் வைத்து, சார்ஜரில் போட்டுவிடுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள். இந்த வேலைகளில் பலவும் சார்ஜரில், பூட்டிய நிலையில் இருக்கும்போதுதான் நன்றாக நகரும். கெட்டியான உறையையும் அந்த இரவுகளில் கழற்றிவிடுங்கள்.

செய்யக் கூடாதது: லோ பவர் மோடை இரவும் பகலும் போட்டு வைப்பது. சார்ஜ் மிச்சமாகிறதே என்று தோன்றும். ஆனால் அது பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கிற ஏற்பாடு. முடிய வேண்டிய வேலை முடியாமல் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். வெளியே போகும்போது தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யக் கூடாது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முதல் வாரத்தில் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யாதீர்கள். என் அக்கா மகன் அப்படித்தான் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டாம் நாளே தன் டேப்லெட்டை அழித்துவிட்டான். பேக்கப்பில் சேராத ஓர் ஆப்பில் அவன் வரைந்து வைத்திருந்த ஒரு வருஷப் படங்கள் போய்விட்டன. சரி, சார்ஜாவது நின்றதா? அதுவும் இல்லை. எல்லாப் படமும் எல்லா ஆப்பும் மறுபடி இறங்கி, அட்டவணை வேலை முதலிலிருந்து தொடங்கி, இன்னும் ஒரு வாரம் சூடாகவே கிடந்தது. முடியப்போகும் வேலையை ரீசெட் மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. அன்றைக்கு அவன் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், கேட்பவர்களுக்கெல்லாம் முதலில் "பொறு" என்று சொல்லப் பழகினேன்.

அறிகுறி: ஒரு வாரம் ஆகியும் சார்ஜ் நிற்கவில்லை

இப்போது தேடத் தொடங்கலாம். முதலில் இரவுச் சோதனை. படுக்கப் போகும்போது சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சார்ஜரில் போடாமல் பூட்டி வையுங்கள், காலையில் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் ஐந்து சதவீதத்துக்குள் இறங்கியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். பத்து, பதினைந்து என்று இறங்கியிருந்தால் திரை அணைந்த பிறகும் உள்ளே ஏதோ ஓடுகிறது.

இரவில் இறங்கவில்லை, பகலில் பயன்படுத்தும்போதுதான் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் திரையின் வெளிச்சம். இந்த ஐபேடின் பேட்டரி 32.4 வாட் மணி, அதாவது 32.4 வாட் செலவானால் ஒரு மணி நேரம் தாங்கும். வைஃபையில் இணையம் பார்த்தால் 10 மணி நேரம் வரை வரும் என்பது ஆப்பிளின் கணக்கு. வகுத்துப் பாருங்கள், சராசரியாக 3.2 வாட் செலவு. அதில் பெரும் பங்கைத் திரையே தின்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு வெளிச்சம் முழுதாக ஏறியிருக்கிறதா, ஆட்டோ பிரைட்னஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது செட்டிங்ஸில் ஆக்ஸெசிபிலிட்டிக்குள் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் பகுதியின் கடைசியில் ஒளிந்திருக்கும். ஆட்டோ லாக் "நெவர்" என்று இருந்தால் இரண்டு நிமிடமாக்குங்கள். பாட வீடியோ நடுவில் அணையக் கூடாது என்று யாராவது மாற்றிவைத்து மறந்திருப்பார்கள்.

இரவில் இறங்குகிறது என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து ஆப் பட்டியலைப் பாருங்கள். எந்த ஆப் எத்தனை சதவீதம் எடுத்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. திரையில் எவ்வளவு நேரம் ஓடியது, பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்ற பிரிப்புதான் முக்கியம். மூன்று மணி நேரம் படம் பார்த்த ஆப் மேலே இருந்தால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. நீங்கள் திறக்கவே திறக்காத ஆப் பின்னணியில் நாலு மணி நேரம் ஓடியிருந்தால் அதுதான் ஆள்.

ஆளைப் பிடித்துவிட்டால் இந்த வரிசையில் போங்கள். ஆப் ஸ்டோரில் அதற்கு அப்டேட் இருக்கிறதா பாருங்கள். ஆப் தயாரிப்பவர்கள் புதிய பதிப்புக்குச் சரிசெய்து வெளியிடச் சில வாரம் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்டேட் இல்லை என்றால் ஜெனரலுக்குள் இருக்கும் பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ் பகுதியில் அந்த ஒரு ஆப்பை மட்டும் நிறுத்துங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் அதை நீக்கி மறுபடி நிறுவுங்கள். நீக்குவதற்கு முன் அதற்குள் இருக்கும் வேலை வேறெங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மெயில் ஆப் பட்டியலில் மேலே இருந்தால், வேலை செய்யாத பழைய கணக்கு ஒன்று பின்னணியில் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். பாஸ்வேர்டு மாறிப்போன அலுவலகக் கணக்கு, படிப்பு முடிந்துபோன கல்லூரிக் கணக்கு இப்படி. அதை எடுத்துவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆப்களை ஒன்றுவிடாமல் மேலே தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. என் அம்மாவும் தினமும் செய்வார். ஆனால் பின்னால் போன ஆப்பை ஐபேட் தானாகவே உறைநிலையில் வைத்துவிடுகிறது. அதை முழுதாக மூடிவிட்டு அடுத்த முறை அடியிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் சக்தி வேண்டும். சிக்கிக்கொண்ட ஆப்பை மட்டும் மூடுங்கள்.

அறிகுறி: சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது

அப்டேட்டின் மேல் பழி விழுந்து, கடைசியில் கேபிளோ அடாப்டரோ குற்றவாளியாக நின்ற வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் தலைமுறை ஐபேடோடு வந்தது 20 வாட் சார்ஜர். வீட்டில் அது கைமாறிப்போய், பழைய ஐபோனின் 5 வாட் குட்டி சார்ஜரில் ஐபேட் தொங்கிக்கொண்டிருக்கும். 32.4 வாட் மணியை 5 வாட்டால் நிரப்பக் கணக்குப்படியே ஆறரை மணி நேரம் ஆகும், இழப்பையும் சேர்த்தால் அதற்கும் மேல். பயன்படுத்திக்கொண்டே சார்ஜ் போட்டால் 3 வாட்டுக்கு மேல் அந்தப் பயன்பாட்டுக்கே போய்விடும், பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். முதல் சில நாள் பின்னணி வேலை ஓடும்போது அதுவும் மிஞ்சாது. அதனால்தான் "அப்டேட்டுக்குப் பிறகு சார்ஜ் ஏறவில்லை" என்று தோன்றுகிறது. 20 வாட் சார்ஜரை மாட்டி, வேறு கேபிளையும் போட்டுப் பாருங்கள். ஐபேடின் துளையில் பஞ்சும் தூசியும் அடைந்திருந்தால், அணைத்துவிட்டு, உலர்ந்த பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். உலோக ஊசி வேண்டாம்.

வெயில் காலத்தில் இன்னொரு காரணமும் சேரும். ஐபேடுக்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. அக்னி நட்சத்திர நாட்களில் சென்னையிலோ வேலூரிலோ ஜன்னலோரம் மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போட்டால் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். பேட்டரி அளவுக்கு மேல் சூடானால் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவதைச் சிஸ்டமே தடுத்துவிடும். அது பாதுகாப்பு. மின்விசிறிக்குக் கீழே, மொசைக் தரையிலோ மேசையிலோ வைத்தால் தானாக ஏறும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் கோக்கும்.

அறிகுறி: எழுத்து தாமதமாக விழுகிறது, ஆப் மாற்றினால் திக்குகிறது, திறந்த பக்கம் மறுபடி லோட் ஆகிறது

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் காரணம் ஒன்றல்ல.

திரை அசைவு மட்டும் திக்குகிறது என்றால் புதிய கண்ணாடித் தோற்றத்தைச் சந்தேகியுங்கள். அடியில் இருப்பது மங்கலாகவும் வளைந்தும் தெரியும்படி ஒவ்வொரு கணமும் கணக்கிட வேண்டியிருக்கிறது. பழைய சிப்புக்கு அது சுமை. ஆக்ஸெசிபிலிட்டியில் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் பகுதிக்குள் ரெடியூஸ் டிரான்ஸ்பரன்ஸியையும், மோஷன் பகுதிக்குள் ரெடியூஸ் மோஷனையும் போடுங்கள். எழுத்தும் தெளிவாகும். கண்ணில் குறை உள்ள பெரியவர்களுக்கு, வேகம் குறையாவிட்டாலும் நான் இதைப் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

திறந்த பக்கம் திரும்பத் திரும்ப லோட் ஆகிறது என்றால் அது ரேம் பற்றாக்குறை. 3 ஜிபியில் புதிய சிஸ்டம் தன் பங்கை எடுத்த பிறகு, மிச்சத்தில்தான் ஆப்கள் உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் பின்னால் இருப்பதைச் சிஸ்டம் வெளியே அனுப்பிவிடும். விண்டோக்களாக நாலைந்து ஆப் திறந்து வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். செட்டிங்ஸில் மல்டிடாஸ்கிங் அண்ட் ஜெஸ்சர்ஸ் பகுதியில் "ஃபுல் ஸ்கிரீன் ஆப்ஸ்" என்பதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். படிப்புக்கும் வீடியோவுக்கும் அதுவே போதும். சஃபாரியில் நூறு டேப் திறந்து கிடந்தால் அதையும் குறைக்கலாம்.

எல்லாமே மந்தமாக இருக்கிறது, விசைப்பலகைகூட வர யோசிக்கிறது என்றால் ஸ்டோரேஜைப் பாருங்கள். எட்டாம் தலைமுறையின் ஆரம்ப மாடல் வெறும் 32 ஜிபி. சிஸ்டமே அதில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் டேட்டா என்ற பகுதி வீங்கியும் நிற்கும். சேமிப்பு விளிம்புவரை நிரம்பிவிட்டால் தற்காலிகக் கோப்பு எழுதக்கூட இடமில்லாமல் ஒவ்வொரு வேலையும் காத்து நிற்கும். ஜெனரலில் ஐபேட் ஸ்டோரேஜைத் திறந்து ஐந்து ஜிபியாவது காலிசெய்யுங்கள். இறக்கி வைத்த படங்கள், வாட்ஸப்பில் வந்து குவிந்த காலை வணக்கங்கள், பழைய வகுப்பு வீடியோக்கள் என்று பார்த்தால் இடம் கிடைத்துவிடும். பிறகு ஒருமுறை கட்டாய ரீஸ்டார்ட்: ஹோம் பட்டன் உள்ள ஐபேடில் அதையும் மேல் பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹோம் பட்டன் இல்லாததில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தி விட்டு, குறைக்கும் பட்டனை அழுத்தி விட்டு, மேல் பட்டனைப் பிடிக்க வேண்டும். இதில் எதுவும் அழியாது.

அப்டேட் என்றாலே வேகம் குறையும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2014-இல் ஐஓஎஸ் 8 (அப்போது ஐபேடிலும் ஓடிய ஆப்பிளின் சிஸ்டம்) வந்து ஐபேட் 2 திணறியபோது, அந்த நவம்பரில் வந்த 8.1.1 ஐபேட் 2-க்கும் ஐபோன் 4எஸ்-க்கும் வேக மேம்பாடு உண்டு என்ற குறிப்போடு வந்தது. 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 பழைய கருவிகளை வேகப்படுத்துவதையே முதன்மை வேலையாக எடுத்துக்கொண்டது. முதல் பதிப்பில் திக்கினால், புள்ளி வைத்து வரும் சின்ன அப்டேட்டுகளைத் தவறாமல் போடுங்கள். பழைய கருவிகளுக்கான சரிப்படுத்தல் பெரும்பாலும் அவற்றில்தான் வரும்.

அறிகுறி: 25, 30 சதவீதத்தில் சட்டென்று அணைந்துவிடுகிறது

இதைப் பொறுத்துப் பார்க்க வேண்டாம். பேட்டரி தேய்ந்திருக்கிறது. லித்தியம் பேட்டரி வயதாகும்போது கொள்ளளவு குறைவதோடு உள்தடையும் கூடுகிறது. சிப் ஒரு கணம் அதிகமாகச் சக்தி கேட்டால் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைகிறது. புதிய சிஸ்டம் அந்த உச்ச வேலையை அடிக்கடி கேட்பதால், ஏற்கெனவே இருந்த தேய்மானம் அப்டேட்டுக்கு மறுநாள் வெளிச்சத்துக்கு வருகிறது. நாலு வருஷம் தினமும் உழைத்த பேட்டரியை ஒரு ராத்திரி அப்டேட் கொன்றுவிடாது.

"அப்டேட் மூலம் வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள்" என்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில், தேய்ந்த பேட்டரியுள்ள சில ஐபோன்களின் வேகத்தைக் குறைத்துத் திடீர் அணைப்பைத் தடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பயனர்களிடம் தெளிவாகச் சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. மக்களின் கோபம் நியாயமானது, சொல்லாமல் செய்தது தவறுதான். ஆனால் அந்த ஏற்பாடு ஐபோன்களுக்கு உரியது. உங்கள் ஐபேட் மெதுவானதற்கு அதைக் காரணமாக வைத்துக்கொண்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

பேட்டரி ஹெல்த் விவரம் 2024-இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோ, எம்2 ஐபேட் ஏர் முதல்தான் செட்டிங்ஸில் தெரியும். எட்டிலும் ஒன்பதிலும் அது கிடையாது. வீட்டில் மேக் இருந்தால் கோகனட்பேட்டரி என்ற மென்பொருளில் ஐபேடை இணைத்து, எத்தனை சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது, கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். ஐபேட் பேட்டரி 1000 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதுதான் வழி. கொடுக்கும் முன் முழு பேக்கப் எடுங்கள், ஏனென்றால் சர்வீஸிலிருந்து திரும்பி வருவது வேறொரு ஐபேடாகவும் இருக்கலாம்.

திரையின் ஓரம் தூக்கியிருந்தால், உடல் உப்பியிருந்தால், சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அணைத்து, எரியக்கூடிய பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, சர்வீஸுக்கு எடுத்துப்போங்கள்.

அறிகுறி: எதுவும் பிடிக்கவில்லை, பழைய பதிப்புக்கே திரும்ப வேண்டும்

வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியதாக இது பெரும்பாலும் இல்லை. புதிய பதிப்பு வந்த சில வாரங்களில் பழைய பதிப்புக்கு ஒப்புதல் கொடுப்பதை ஆப்பிள் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு பழைய கோப்பு கையில் இருந்தாலும் ஐபேட் ஏற்காது. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். "பணம் கொடுங்கள், திருப்பித் தருகிறேன்" என்பவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: அப்டேட் நடுவில் ஆப்பிள் சின்னத்திலேயே நிற்கிறது

கோடு மெதுவாகவாவது நகர்ந்தால் சார்ஜரில் வைத்துக் காத்திருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவே இல்லை என்றால் மேலே சொன்ன கட்டாய ரீஸ்டார்ட். அதிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் வேண்டும். மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐடியூன்ஸ். கேபிளால் இணைத்து, அதே பட்டன்களைச் சின்னம் வந்த பிறகும் விடாமல், கேபிளும் கம்ப்யூட்டரும் உள்ள படம் வரும்வரை பிடியுங்கள். கம்ப்யூட்டர் இரண்டு வழி கேட்கும்: அப்டேட், ரீஸ்டோர். அவசரத்தில் கை ரீஸ்டோருக்குப் போய்விடும், அது எல்லாவற்றையும் அழித்துவிடும். அப்டேட்டை அழுத்துங்கள். அது தரவைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி நிறுவும். நம் இணைய வேகத்தில் இறக்க 15 நிமிடத்துக்கு மேல் ஆகி, ஐபேட் அந்தத் திரையிலிருந்து தானாக வெளியேறிவிடலாம். பதற வேண்டாம். முழுதாக இறங்கி முடியட்டும், அப்புறம் பட்டன்களை மறுபடி அதேபோல் பிடித்து, அப்டேட்டை மறுபடி அழுத்துங்கள்.